பதினாலு கரட் நிப்

அருட்பிரகாசத்தாரிடம் பத்தொன்பது பேனைகள் இருந்தன. எழுதுவதற்கு என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. எழுதுகிறவனுக்கு ஒரு பேனை போதும். எழுதாதவனுக்குத்தான் பத்தொன்பது வேண்டியிருக்கிறது. பிரதேச செயலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கந்தோர்ப் பேனையால் கையெழுத்துப் போட்ட மனிதர், ஓய்வூதியம் கைக்கு வந்த மாதமே ஜேர்மன் பேனை ஒன்றுக்கு ஓடர் கொடுத்தார். அடுத்தது இத்தாலி, அதற்கடுத்தது யப்பான். சண்டிலிப்பாயில் தோட்டக் காணிகளுக்கு நடுவில் இருந்த அந்த வீட்டின் படலையில் கூரியர் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால், அவருடைய மனைவி உதயகலா குசினிக்குள் சட்டியைச் சத்தமாக வைப்பாள். அதற்கு மேல் அவளால் என்ன செய்ய முடியும்?

மற்றவர்கள் பேனையைப் பார்ப்பார்கள். இவர் மணந்து பார்ப்பார். பெருவிரலால் நன்றாகத் தேய்த்து மூக்கடியில் பிடித்து, கந்தக வாசம் வந்தால் எபனைற் என்பார். றப்பரைக் கந்தகத்தோடு அவித்துக் கல் போல ஆக்கினால் அதுதான் எபனைற்றாம். கற்பூர வாசம் வந்தால் செலுலோயிட். யப்பான்காரனுடைய கறுப்புப் பேனை ஒன்று இருந்தது. மரப்பிசினை முப்பது தரம் பூசி, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருந்து, கரித்தூளால் தேய்த்து மினுக்கியது. அதைத் தொடுவதற்கு முன் அவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். சோற்றில் கை வைக்க முன் கழுவச் சொல்லி உதயகலா இரண்டு தரம் கத்தவேண்டும்.

"கற்பூரம் மணக்குதெண்டால் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்கு முன்னாலை கொளுத்துங்கோவன்" என்பாள் அவள்.

"உனக்கு உது விளங்காது" என்பார் அவர். பத்து வருடமாக அந்த வீட்டில் நடந்த சம்பாஷணை அவ்வளவுதான்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது, மனிதருக்கு விஷயம் தெரியும். நிப்பைக் கண்ணாலே பார்த்துக் கரட் சொல்வார், ஒருநாளும் பிழைத்ததில்லை. வட்ஸ்அப்பில் 'யாழ் பேனைச் சுவைஞர் வட்டம்' என்று ஒன்று இருக்கிறது. ஏழு பேர். அந்த ஏழு பேருக்குள் அருளர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சுக் கிடையாது. கந்தோரில் முப்பத்திரண்டு வருடத்தில் கிடைக்காத மரியாதை, ஆறு பேரிடம் கிடைத்தது. அதை அவர் உயிரைப் போல வைத்திருந்தார்.

நாலு வீடு தள்ளித் தம்பிஐயா இருந்தார். புகையிலைத் தோட்டக்காரர். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலை, அருட்பிரகாசம் அந்தப் பக்கம் போனபோது, அவர் புகையிலைச் சிப்பங்களில் கட்டும் அட்டைகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். கையிலிருந்த பேனையைக் கண்டதும் அருட்பிரகாசம் போன வேலையை மறந்து கிட்ட வந்தார்.

"அண்ணை, உது எங்காலை?"

"இதோ? நான் இளந்தாரியாய் மாத்தறையிலை சுருட்டுக்கடையிலை நிண்டனான் எல்லே. கடையைப் பூட்டேக்கை முதலாளி தந்தவர். நல்லா எழுதும் தம்பி."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, 'ஒரு புதுப் பேனை தாறன், உதைத் தாங்கோ' என்று கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். தம்பிஐயா பேனையையும் கொடுத்து, பின்னால் கூப்பிட்டு இரண்டு கத்தரிக்காயும் கொடுத்துவிட்டிருப்பார். அப்படிப்பட்ட மனிதர். ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அருட்பிரகாசத்தால் முடியுமா? சிப்பத்தின் மேலேயே குந்தியிருந்து முக்கால் மணித்தியாலம் பிரசங்கம் செய்தார்.

"அண்ணை, இது கையாலை கடைஞ்ச எபனைற். எழுபது எண்பது வருசம் இருக்கும். இந்த அலைக்கோடுகளைப் பாருங்கோ, ஒவ்வொண்டா வெட்டினது, இண்டைக்கு ஆர் உப்பிடி மினக்கெடுவான்? வெயில் பட்டுத்தான் கறுப்பு மங்கியிருக்கு. நிப்பைத் திருப்புங்கோ. 585 எண்டு அடிச்சிருக்கோ? பதினாலு கரட் பவுண்!"

"பவுணோ!" என்றார் தம்பிஐயா. பேனையை மெதுவாகச் சாரத்தில் துடைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேனை ஒரு சிப்பத்தையும் தொட்டதில்லை.

அன்று தொட்டு அது தம்பிஐயாவின் சேட் பொக்கற்றில் ஏறியது. கோயில் திருவிழா, கலியாண வீடு, கமக்காரர் சங்கக் கூட்டம், எல்லா இடத்துக்கும் அது போனது. "அருள் தம்பி சொன்னவர், பதினாலு கரட்" என்று கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் சொன்னார். அருட்பிரகாசம் வாங்கப் பார்த்தார். தண்ணி இறைக்கிற மோட்டர் தருவதாகச் சொன்னார், புது போன் தருவதாகச் சொன்னார், ஒரு தரம் வெட்கத்தை விட்டு யப்பான் பேனையையே மாற்றுக்குத் தருவதாகவும் சொன்னார். தம்பிஐயா எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"உம்மைப் போல விஷயம் தெரிஞ்ச மனிசன் இவ்வளவு ஆசைப்படுறீரெண்டால், நான் குடுப்பனோ தம்பி?"

இப்படி ஒன்பது வருடம் போனது. போன மாசியில் தம்பிஐயா கண்ணை மூடினார்.

செய்தி கேட்டு அருட்பிரகாசம் உண்மையாகவே கவலைப்பட்டார். எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்காதீர்கள். வேட்டியைக் கட்டும்வரை கவலை இருந்தது. சேட்டுக்குப் பொத்தான் போடும்போது யோசனை பேனைக்குப் போய்விட்டது. வழக்கம்போலப் பொக்கற்றில் கறுப்புச் சீனப் பேனை ஒன்றைச் செருகிக்கொண்டார். பத்தொன்பதில் ஒன்றையும் வெயிலில் கொண்டு திரிய மனம் வராது. வெறும் பொக்கற்றோடு வெளிக்கிட மானம் விடாது. அதற்கென்று வாங்கிய நானூறு ரூபாச் சாமான் அது.

செத்தவீட்டில் தம்பிஐயாவின் மனைவி தங்கமுத்து பெட்டியடியில் இருந்தாள். இவரைக் கண்டதும் எழும்பி வந்தாள். கையில் தம்பிஐயா முகம் துடைக்கும் லேஞ்சி. அதற்குள் பேனை. அருட்பிரகாசம் ஓரடி முன்னால் வந்தார். கடைசியில் எனக்கென்றுதான் எழுதியிருக்கு என்று நினைத்துக் கையையும் நீட்டிவிட்டார்.

"தம்பி, ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை சொன்னவர், 'நான் போனாப் பிறகு இதை வித்து நீ வைச்சுச் செலவழி, பவுண் நிப், அருள் சொன்னால் பிழைக்காது' எண்டு. நான்தான் மாட்டனெண்டனான். 'உங்கடை சீவியத்திலை நீங்கள் ஆசைப்பட்டு வைச்சிருந்த ஒரே சாமான், கொண்டு போங்கோ' எண்டனான். சிரிச்சவர். 'அப்ப அருளே என்ரை பொக்கற்றிலை வைக்கட்டும், அவருக்குத்தான் உதின்ரை மரியாதை தெரியும்' எண்டவர்."

அவள் அழவில்லை. புருஷனுக்குத் தான் கொடுக்கும் கடைசிப் பொருளைத் தகுந்த ஆளிடம் கொடுத்துவிட்ட திருப்தி அவள் முகத்தில் இருந்தது. அருட்பிரகாசம் அதைப் பார்த்தார். பார்க்காமல் விட்டிருந்தாலாவது கொஞ்சம் மன்னிக்கலாம்.

அந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரிச் செய்தி கேட்டே சுவிஸிலிருந்து வெளிக்கிட்டிருந்த மகன் தேனுஜன் படலையடியில் குழறிக்கொண்டு இறங்கினான். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலை காட்டிக்கொண்டிருந்த வீடியோக்காரன் கமராவை அந்தப் பக்கம் திருப்பினான். சனமும் திரும்பியது, தங்கமுத்துவும் மகனிடம் ஓடினாள். அருட்பிரகாசம் பெட்டிக்குள் குனிந்தார். தம்பிஐயா புது வெள்ளைச் சேட்டோடு, ஒன்றும் சொல்லாமல் படுத்திருந்தார். ஒரு கறுப்புப் பேனை லேஞ்சியிலிருந்து அருட்பிரகாசத்தின் பொக்கற்றுக்குப் போனது. ஒரு கறுப்புப் பேனை அருட்பிரகாசத்தின் பொக்கற்றிலிருந்து தம்பிஐயாவிடம் போனது. நிப் மேலே பார்க்கத்தான் வைத்தார். அந்தளவுக்கு மரியாதை தெரிந்த மனிதர்.

பின்னேரம் சுடலையில் எல்லாம் முடிந்தது.

அடுத்த நாள் உதயகலா கோயிலுக்குப் போன நேரம், அருட்பிரகாசம் கதவைச் சாத்திக்கொண்டு பேனையை எடுத்தார். தேய்த்து மணந்தார். கந்தகம். ஆகா! நிப்பைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். முனையிலே ஒரு பக்கம் மெல்லத் தேய்ந்திருந்தது. ஐம்பது வருடம் ஒரே கை எழுதித் தேய்ந்த தேய்வு. பதினொரு படம் எடுத்தார். சுவைஞர் வட்டத்தைத் திறந்தார். விரலை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். எப்படிப் போடுவது? எங்காலை வந்தது என்று ஆறு பேரும் கேட்பார்களே! உதயகலாவுக்குக் காட்ட முடியாது. அயலட்டைக்குக் காட்ட முடியாது. பழைய கந்தோர்க் கோவைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று தரம் அது கிடக்கிறதா என்று பார்த்தார். காட்ட முடியாத பேனை இருந்தென்ன, இல்லாமல் விட்டென்ன? ஒரு கிழமையில் மனிதர் இளைத்துப்போனார். உதயகலா சிநேகிதர் போன துக்கம் என்று நினைத்து மீன்குழம்பு வைத்துக் கொடுத்தாள்.

எட்டாம் நாள் எட்டுச்செலவு. தம்பிஐயாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்துவிட்டு, அயலட்டையும் சொந்தமும் பந்தலுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அருட்பிரகாசமும் உதயகலாவும் போயிருந்தார்கள். கொழும்புத்துறையிலிருந்து ஜெரிசன் என்ற இளைஞனும் வந்திருந்தான். தேனுஜனோடு ஒன்றாகப் படித்தவன், இப்போது வங்கி ஒன்றில் வேலை, சுவைஞர் வட்டத்தில் ஆகக் கடைசியாகச் சேர்ந்த உறுப்பினன். ஒரு வருடமாக அருளர் சொல்வதையெல்லாம் குறிப்பெடுத்தவன்.

தங்கமுத்து ஒரு சின்னக் கடதாசிச் சரையைக் கொண்டுவந்து அருட்பிரகாசத்துக்கு முன்னால் விரித்தாள். உள்ளே கருகிய நிப் ஒன்று கிடந்தது.

"காடாத்துக்குப் போய்ச் சாம்பல் அள்ளேக்கை தேனுஜன் கண்டெடுத்தவன் தம்பி. பாலாலை கழுவிப் பாத்தம். பவுண் உப்பிடிக் கறுக்குமோ?"

அருட்பிரகாசத்தின் வாயில் இருந்த வடை அப்படியே நின்றது. ஜெரிசன் எட்டி எடுத்தான். சாவிக்கொத்தில் தொங்கிய சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தான். அதுவும் அருளர் வாங்கச் சொன்ன கண்ணாடிதான்.

"585 இல்லை அன்ரி. சும்மா ஒரு பூ வெட்டியிருக்கு. இது இரும்பு நிப். ஒன்லைனிலை மலிஞ்சுபோய்க் கிடக்கு." பிறகு மிகவும் பவ்வியமாக, "அங்கிளுக்கு அண்டைக்கு வெளிச்சம் காணாமல் இருந்திருக்கும்" என்றான்.

பந்தலுக்குள் யாரோ மெல்லச் சிரித்தார்கள். "ஒன்பது வருசம் மனிசனைப் பேய்க்காட்டிப் போட்டார்" என்று பின்வரிசையில் ஒரு குரல். அருட்பிரகாசத்துக்குக் காது சுட்டது.

தங்கமுத்து கையைப் பிசைந்தாள். "அவர் அதைப் பவுண் எண்டே நம்பிச் செத்தவர். ஊரெல்லாம் சொன்னவர். எனக்கு அதுதான் தாங்கேலாமல் கிடக்கு" என்றவள், இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு இரங்கினாள். "சரி தம்பி, நீர் கவலைப்படாதையும். தெரியாமல் சொல்லிப்போட்டீர். தெரியாத மனிசனிலை என்ன கோவிக்கக் கிடக்கு?"

ஒரு 'ஓம்' போதும். 'ஓம் அக்கா, என்ரை கண் பிழைச்சுப் போச்சு' என்று தலையைக் குனிந்திருந்தால், வடையைத் தின்று பாயாசத்தையும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். களவும் தெரியாது, பேனையும் தப்பும். கொஞ்ச நாளில் ஊரும் மறந்துவிடும். இது எல்லாம் அருட்பிரகாசத்துக்கு அந்தக் கணமே விளங்கியது. ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஆர் தெரியாத மனிசன்?" என்று குழறினார். இலை முன்னால் தள்ளுப்பட்டது. "எனக்கோ பவுண் தெரியாது? டேய் ஜெரிசன், உனக்கு உந்தக் கண்ணாடியைப் பிடிக்கக் காட்டித் தந்தது ஆரடா? அது பதினாலு கரட்! நூற்றுக்கு நூறு பதினாலு கரட்! வந்து பார், என்ரை வீட்டிலை கிடக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

பரிமாறிக்கொண்டிருந்த உதயகலா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். இந்த முறை சத்தமே வரவில்லை. அருட்பிரகாசம் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். கரட்டைப் பற்றி ஒருவராவது கேட்பார்கள் என்று அப்போதும் உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது, வெட்கம் கெட்ட ஆசை. ஒருவரும் கேட்கவில்லை.

தங்கமுத்து சரையில் கிடந்த நிப்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஒரு சந்தேகம் கேட்கிறவளைப் போலத்தான் கேட்டாள்.

"கரட்டை விடும் தம்பி. இனி ஆர் அதைக் கொண்டுபோய் அவரிட்டைக் குடுக்கிறது?"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் அருட்பிரகாசத்தையே பார்த்தார்கள்.