தூத்துக்குடி பஸ்ஸில் வந்த கடல்

"அக்கா, இன்னைக்கும் கோஸு எந்திரிக்கல."

பீமாராவ் வாசலிலேயே வந்து சொன்னான். தமிழ்வாணி கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டு நேராகத் தொட்டியிடம் போய்க் குனிந்தாள்.

மதுரை கே.கே. நகரில் அந்த வீட்டுக் கூடத்தின் ஒரு பக்கச் சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது கடல்நீர்த் தொட்டி. அக்காவும் தம்பியும் சேர்ந்து வளர்த்தது. வேறொருவர் தொட்டியில் வளர்ந்த பவளங்களிலிருந்து நகம் அளவுத் துண்டுகளாக வாங்கி வந்து, மூன்று வருடம் பாடுபட்டுக் கை அகலத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இலை இலையாக விரியும் மஞ்சள் பவளத்துக்குத்தான் கோஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது இப்போது வெந்த கீரை மாதிரிச் சுருண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் பாறை முழுக்கப் பச்சையும் ஆரஞ்சுமாகப் பூத்துக் கிடந்த பொத்தான் பவளங்கள் எல்லாம் வாயை இறுக மூடியிருந்தன.

"லைட்ட கூட்டினியாடா?"

"சத்தியமா தொடலக்கா. நீதான் போன வாரம் மோட்டாரத் திருப்பி வச்ச."

"நான் திருப்பினதுக்கு முன்னாடியே சுருங்கிருச்சுடா."

இப்படித்தான் சில நாட்களாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உப்பு அளவைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. சூட்டைப் பார்த்தார்கள், அதுவும் சரி. அம்மோனியா இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. வெளிச்சத்தைக் குறைத்தார்கள், நீரோட்டத்தைக் கூட்டினார்கள். எதைச் செய்தாலும் பவளங்கள் மேலும் சுருங்கினவே தவிர விரியவில்லை.

தமிழ்வாணி கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் மேலே கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தை ஒன்று பிடி விட்டு, மணலில் 'டொப்'பென்று விழுந்தது. அது திரும்பி எழவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று, முன்பே விழுந்தது, அசையாமல் கிடந்தது.

"ராவு, இறால் எங்கடா? சேப்பும் வெள்ளையுமா ஒண்ணு திரியுமே?"

பீமாராவ் டார்ச் அடித்துத் தேடினான். பாறைக்குப் பின்னால் அது செத்துக் கிடந்தது. ஆனால் கோமாளி மீன்கள் இரண்டும், இவள் முகத்தைப் பார்த்ததும் தீனி வரப்போகிறது என்று கண்ணாடியோரம் வந்து ஆட்டம் போட்டன. அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை.

தமிழ்வாணி பிசியோதெரபிஸ்ட். காலையிலிருந்து சாயங்காலம் வரை எலும்பும் மூட்டுமாகவே பார்ப்பவள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"டேய், எலும்பு இருக்கறதெல்லாம் நல்லா இருக்குடா! எலும்பு இல்லாததுதான் சாகுது. நத்தை, இறால், பவளம். மீனுக்கு ஒண்ணுமே ஆகல பாரு!"

பீமாராவ் டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்தான். "அக்கா... அப்ப ஏதோ விஷம் எறங்கியிருக்கு. மீனத் தொடாத விஷம்."

உடனே தூத்துக்குடிக்குப் போன் போட்டார்கள். அங்கே சூர்யபிரகாஷ் என்று ஒருவர், இவர்களைப் போலவே பவளம் வளர்ப்பவர், வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை.

"காப்பர்ங்க. செம்பு. மீன் நோய்க்கு மருந்தா ஊத்துவாங்களே, மீன் அதத் தாங்கும். நத்தை, பவளமெல்லாம் கொஞ்சம் பட்டாலும் போச்சு. மருந்து எதுவும் ஊத்துனீங்களா?"

"இல்லயே!"

"அப்ப வேற எங்கிருந்தோ எறங்குது. தேடுங்க."

தேடினார்கள். மோட்டார்களைக் கழற்றிப் பார்த்தார்கள், துருவில்லை. ஒயர் எதுவும் தண்ணீருக்குள் இல்லை. பாறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் காசு கீசு விழுந்து கிடக்கிறதா என்று துழாவினார்கள். முழங்கை வரை உப்புத் தண்ணீரோடு தமிழ்வாணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்ல ரெண்டு வாய் தண்ணியக் குடி. முகமெல்லாம் வேத்துப்போச்சு" என்று அம்மா செல்லக்கிளி ஒரு டம்ளரை நீட்டினாள்.

தமிழ்வாணி வாங்கி ஒரு மடக்கு குடித்தாள். அவள் கண் அப்படியே சமையலறைச் சுவருக்குப் போனது. அங்கே புதிதாக மாட்டியிருந்த ஆர்.ஓ. மிஷினில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அதன் அடியில் எழுதியிருந்ததைப் படித்ததும் டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"காப்பர்! அம்மா, இந்த மிஷினு காப்பர் போடுற மிஷினா?"

"ஆமா. உங்கப்பாதான் செம்புத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுன்னு பழசக் குடுத்துட்டு இத மாட்டுனாரு. ஏன்?"

பீமாராவ் தலையில் கை வைத்தான். மதுரை வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் தினமும் ஆவியாகும். குறைந்ததை ஈடுகட்ட அவன் தினமும் இந்தக் குழாயிலிருந்துதான் பிடித்து ஊற்றினான். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். செம்பு போகாது, உள்ளேயே தங்கும். மனிதன் குடிக்கிற அளவு ஒன்றும் செய்யாதுதான். ஆனால் அந்தத் தொட்டிக்குள் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் பறந்து, செம்பைச் சோதிக்கும் மருந்து வாங்கி வந்தான். ஒரு குப்பியில் தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் மிஷின் தண்ணீர். சொட்டு விட்டுக் குலுக்கினார்கள். இரண்டும் நிறம் மாறின.

"மாட்டிக்கிச்சுடா!" தமிழ்வாணி கத்திய கத்தலில் தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். பவளம் செத்துக்கொண்டிருக்கும்போது இப்படிச் சந்தோஷப்படலாமா என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் காரணம் தெரிந்துவிட்டதே!

அந்த நேரம் பார்த்து அப்பா அழகுமலை வெளியே போயிருந்தவர் உள்ளே வந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொட்டியைத் தொட மாட்டார், ஆனால் காலையில் காபியோடு அதன் முன்னால்தான் உட்காருவார். விஷயத்தைச் சொன்னார்கள். அவர் முகம் விழுந்துவிட்டது.

"நானாடா கொன்னேன்?"

"யாருப்பா கொன்னா? இன்னும் சாகல. ஆனா பாதித் தண்ணியவாவது உடனே மாத்தணும். நம்மகிட்ட தொட்டிக்குப் போடுற கடலுப்பு இல்ல, ஆர்டர் போட்டது வர நாளாகும். கடையிலயும் கேட்டுட்டேன், இல்ல" என்றாள் தமிழ்வாணி.

அழகுமலை கொஞ்ச நேரம் கோஸைப் பார்த்தார். பிறகு, வந்ததும் கழற்றிய சட்டைப் பித்தானைத் திரும்பவும் போட்டார்.

"உப்பு எதுக்கு? கடலே இருக்குல்ல. அந்த சூர்யபிரகாஷுக்குப் போன் போடு. நல்ல தண்ணியாப் பிடிச்சு வைக்கச் சொல்லு. நான் தூத்துக்குடி போயிட்டு வாரேன்."

"உப்புத் தண்ணிக்கா இம்புட்டுத் தூரம் போறீக?" என்றாள் செல்லக்கிளி.

"செம்பு மட்டும் நல்லதுன்னு எனக்கு வாங்கத் தெரிஞ்சுச்சுல்ல?" என்று சொல்லிவிட்டு மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் மதியம் பஸ் நிலையத்தில் அக்காவும் தம்பியும் ஒரு லோடு ஆட்டோவோடு காத்திருந்தார்கள். தூத்துக்குடி வண்டி வந்து நின்றது. அப்பா முதலில் இறங்கவில்லை. அவர் சத்தம்தான் இறங்கியது.

"கண்ணுச்சாமி, மெதுவா! சாய்க்காதப்பா, சாய்க்காத!"

கண்ணுச்சாமி அந்த வண்டியின் கண்டக்டர். ஒரு காலத்தில் அழகுமலையோடு ஒரே டிப்போவில் வேலை பார்த்தவர். அவரும் டிரைவருமாக டிக்கியைத் திறந்து கேன் கேனாக இறக்கினார்கள். ஒரு கேன் மட்டும் டிக்கிக்குப் போகவில்லை. அதை அழகுமலை வழி முழுக்கத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"பெருசு, என்னய்யா சரக்கு?" என்று கேட்டார் பின்னால் இறங்கிய ஒரு பயணி.

"கடலுய்யா" என்றார் அழகுமலை. "படகுல உள்ள போயி அள்ளுனது. கரைத் தண்ணி இல்ல."

வீடு போய்ச் சேர்ந்ததும் வேலை பிடித்துக்கொண்டது. கேனில் இருந்த தண்ணீரைத் தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பீமாராவ் குழாய் வைத்து பழைய தண்ணீரை வாளியில் இறக்க, தமிழ்வாணி புதுத் தண்ணீரை ஒரு தட்டின் மேல் வழியவிட்டு ஊற்றினாள். செல்லக்கிளி பழைய துணியெல்லாம் கொண்டுவந்து தரையில் போட்டு, "மெத்துனா ஊத்துடி, பயந்துறப் போகுது" என்று மேற்பார்வை பார்த்தாள். செம்பை உறிஞ்சிக்கொள்ள வடிகட்டியில் புதிதாகக் கரித்துண்டுப் பை ஒன்றைக் கட்டினார்கள். ஆர்.ஓ. மிஷினைத் திறந்து, செம்புக் குப்பிக்கு முன்னாலேயே தொட்டிக்கென்று தனிக் குழாய் ஒன்றை இழுத்தான் பீமாராவ். அந்தத் தண்ணீரைச் சோதித்தார்கள். நிறம் மாறவில்லை.

அதன் பிறகு பார்த்துக்கொண்டிருப்பதுதான் பாக்கி. வேலைக்குப் போன இடத்திலும் தமிழ்வாணிக்கு மனசு நிலைகொள்ளவில்லை. ஒரு பாட்டியின் முட்டியை மடக்கிவிட்டு நீட்ட மறந்து நின்றாள். அழகுமலை போனில் நிமிஷத்துக்கு ஒரு படம் அனுப்பினார். எல்லாப் படத்திலும் அதே சுருண்ட கோஸ்.

ஒரு நாள் படம் வரவில்லை. போன் வந்தது.

"வாணி, ஒண்ணு தெறந்திருச்சு! ஆரஞ்சு! ஓரத்துல இருக்கே, அது!"

"நெசமாவாப்பா?"

"நான் என்ன பொய்யா சொல்லுறேன்? இந்தா, உங்கம்மா பாக்குறா. ஏய் செல்லக்கிளி, சொல்லுடி!"

"தெறந்திருச்சுடி. பூ மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

அந்த வாரத்துக்குள் பொத்தான் பவளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன. இரண்டு மூன்று பிழைக்கவில்லை. அவற்றை எடுத்துப் போட வேண்டியிருந்தது. கோஸ்தான் பிடிவாதம் பிடித்தது. அதன் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படிந்திருந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படலம் உரிந்து நீரோட்டத்தில் பறந்தது. அடியிலிருந்து பளிச்சென்று மஞ்சள் இலை எழும்பியது. பீமாராவ் அக்காவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"எறக்குடா, மொதல்ல பாக்க விடுடா!"

அவர்கள் போட்ட கூச்சல் எதுவும் அழகுமலை காதில் விழவில்லை. தொட்டியின் அடிப்பக்கம், மணலோடு ஒட்டி, மண்டி போட்டுக் குனிந்திருந்தார். மூக்கு கண்ணாடியில் அழுந்தியிருந்தது.

"ஏ, ரெண்டு பேரும் இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க. இது என்னது?"

பாறை இடுக்கில், சீரகம் அளவுக்கு ஒரு உடல், அதிலிருந்து நூல் மாதிரி ஐந்து கைகள். கைகள் ஒவ்வொன்றாக நெளிய, அந்த உயிர் மெல்ல வெளியே ஊர்ந்து வந்தது. நட்சத்திர மீனுக்குச் சொந்தமான குட்டி நொறுங்கு நட்சத்திரம். அவர்கள் வாங்கியதில்லை, விட்டதும் இல்லை. கேன் தண்ணீரோடு பஸ் ஏறி வந்ததா, பாறைக்குள்ளேயே முன்பிருந்தே இருந்ததா, யாருக்கும் தெரியவில்லை.

"இதுக்கும் எலும்பு இல்லதான வாணி?" என்று கேட்டார் அழகுமலை.

"இல்லப்பா" என்றாள் தமிழ்வாணி.

"அப்ப தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, அது அடுத்த இடுக்குக்குள் போகும் வரை அவர் எழுந்திருக்கவே இல்லை.