கினூதியா இன்னும் பிறக்கவில்லை

"என் பொண்டாட்டி வந்தாச்சு, உங்க ஆத்தாளும் வந்தாச்சு. நான் எப்பம்மா வர்றது?"

கூழைக் கிண்டிக்கொண்டிருந்த வைரிமு திரும்பவில்லை. மாமனார் கினூதியா தினமும் கேட்கிற கேள்விதான். மூத்த பேத்திக்கு அவர் மனைவியின் பெயர். அதனால் அந்த ஏழு வயதுக்காரியை 'என் பொண்டாட்டி' என்றுதான் கூப்பிடுவார். இளையவளுக்கு வைரிமுவின் தாய் பெயர். இனி முதல் மகன் பிறந்தால் கினூதியா. அந்த மலையூரில் பேரப்பிள்ளைக்குப் பெயர் வந்தால் ஆளே திரும்பி வந்த மாதிரி. பெயர் வராதவன் போனவன் போனவன்தான்.

ஊரே இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்குப் பதினோரு பிள்ளைகள். இரண்டாம் வகுப்போடு சேர்த்து உட்கார வைத்திருந்தார்கள். படிக்க வைக்க முடியவில்லை, பங்கு பிரிக்க நிலமில்லை என்று பெண்கள் ஆஸ்பத்திரியில் வரிசை கட்டி, கைத்தோலுக்கடியில் கருத்தடைக் குச்சி வைத்துக்கொண்டார்கள். அதே வரிசையில் நின்ற வைரிமுவின் காரணம் வேறு என்பது அவள் கணவன் கமாவுக்குக்கூடத் தெரியாது.

மூத்தவள் பிறந்தபோது வைரிமுவின் அப்பா, தேயிலை பறிக்கிற கூலிக்காரர், கையில் ஒரு கோழியோடு மலையேறி வந்திருந்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம். "கூலியாளுக்கு அந்தப் பக்கம் போடுங்கப்பா" என்றார் கினூதியா. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாட்டுக்கொட்டகை ஓரம், நாய்க்கு வைக்கிற தகரத்தட்டில் அப்பா சாப்பிட்டார். சாப்பிட்டு, தட்டைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனார். அடுத்த மழைக்குள் செத்தும் போனார்.

"நாளையோட அஞ்சு வருஷம் முடியுதாமே, கமாவு சொன்னான். குச்சிய எடுத்துருவேல்ல?" பக்கவாதம் வந்த பிறகு கினூதியாவின் குரலில் ஒரு கெஞ்சல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"புதுசு வச்சுக்கப் போறேன், மாமா."

"ஏம்மா? நான் உனக்கு என்ன பண்ணேன்?"

அடுப்புக்குப் பின்னால் ஏழு வருடமாக ஒளித்து வைத்திருந்த தகரத்தட்டை எடுத்தாள். கூழை அதில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"இது நாய்த்தட்டாச்சே!"

நிஜமாகவே அவருக்கு ஞாபகமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"எங்கப்பா சாப்பிட்ட தட்டு. நீங்க போடச் சொன்னது."

கினூதியா வெகுநேரம் கூழையே பார்த்தார். ஆவி அடங்கி ஏடு படிந்தது. பிறகு மெல்ல, ஏதோ பிடி கிடைத்தவர்போல நிமிர்ந்தார்.

"நான் வந்தாத்தானே அடுத்த பையனா உங்கப்பன் வர முடியும். அவனையுமா வழிமறிக்கிற?"

அவள் அதை யோசிக்காமலா இருந்தாள்? ஐந்து வருடமாக அதைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுக்கு அவர் ஒருதரம் வந்தது போதும், மாமா."

அவர் கூழைக் குடித்து முடித்தார். செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, நல்ல கையால் தட்டைக் கழுவப் பார்த்தார். பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் அது மண்தரையில் சுற்றிச் சுற்றி ஓடியது. வைரிமு குனியவில்லை. அவள் கட்டைவிரல் இடது கையின் உள்பக்கத்தில், தோலுக்கடியில், அந்தக் குச்சியைத் தேடி அழுத்திக்கொண்டிருந்தது.