பின்சீட்டில் கோதண்டம்

...கிளட்ச் இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை, இரண்டு விரலே போதும், விட்டதும் வண்டி ஒரு தாவு தாவியது, பின்சீட்டில் இருந்த ஷோரூம்காரர் கோதண்டம் தன் ஹெல்மெட்டால் என் ஹெல்மெட்டில் முட்டி, "பாத்து மேடம், இது ஸ்கூட்டி இல்ல" என்றார். ஸ்கூட்டி என்று யார் சொன்னது, ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் அப்பாவின் வண்டியை வைத்து எட்டுப் போட்டுப் பழகியவள் நான், அதற்குப் பிறகு கல்யாணம், வெங்கட், ஒன்பது வருஷம் பின்சீட்... வண்டி பார்க்க வந்ததே அவன்தான். ஆறு மாதமாக வீடியோ வீடியோவாகப் பார்த்து, கலர்வரை முடிவு செய்து, இந்த ஞாயிறு காலையில் மாங்காட்டிலிருந்து என்னையும் ஆட்டோவில் நசரத்பேட்டைக்குக் கூட்டிவந்து, கடைசியில் சீட்டுக்கு மேல் காலைத் தூக்கிப் போட முடியவில்லை, முட்டியில் பிளேட் இருக்கிறது, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே, "நீ ஒரு ரவுண்டு போய்ட்டு வாயேன் கார்த்திகா" என்றான். மாட்டேன் என்பேன் என்று நினைத்திருப்பானோ? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஹேண்டில் அகலம், கொஞ்சம் குனிய வைக்கிறது, கால் பின்னுக்குப் போய் மடங்குகிறது, டேங்கை முட்டிகளால் இறுக்கினால் வண்டி உடம்போடு சேர்ந்துவிடுகிறது. முன்னால் மறைப்பு என்று ஒன்றும் இல்லை, ஒரு விளக்கு, அதற்கு மேல் சின்னத் திரை, அவ்வளவுதான், ரோடு நேராக மடியில் வந்து விழுவதுபோல் இருக்கிறது. சர்வீஸ் ரோடு முழுக்க மணல், ஒரு தண்ணி லாரி, முப்பதில் போனால் என்ஜின் முனகுகிறது, கணுக்கால் பக்கம் சூடு. "இன்னா மேடம், ஷேர் ஆட்டோ கணக்கா போறீங்க, ஹைவேல ஏறி முறுக்குங்க, அப்பதான் வண்டி இன்னான்னு தெரியும்." ஏறினேன், முறுக்கினேன். ஐயாயிரம் ஆர்.பி.எம். வரை சாதுவாக இருந்த என்ஜின் அதைத் தாண்டியதும் குரலை மாற்றிக்கொண்டது, காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது, எண்பது எப்போது வந்தது? பயம் வரும் என்று காத்திருந்தேன்... முன்னால் ஒரு கன்டெய்னர், இரண்டு வருஷத்துக்கு முன் இப்படி ஒரு லாரியைத் தாண்டும்போதுதான் நானும் வெங்கட்டும் விழுந்தோம், அவனுக்கு முட்டி, எனக்கு முழங்கை, அதிலிருந்து நான் யார் வண்டியிலும் ஏறியதில்லை, ஆபீசுக்கும் பஸ்தான்... வலப்பக்கம் ஒடித்தேன், தாண்டியாயிற்று. இவ்வளவுதானா? சிரிப்புகூட வந்தது. தொண்ணூற்றிரண்டு.

"மேடம்! மெதுவா மேடம்! ஊட்ல ரெண்டு புள்ளைங்க கீது!"

முன்பிரேக் கவ்வியது, வேகம் இறங்கியது, ஓரம் கட்டினேன். திரும்பிப் பார்த்தால் நரைத்த மீசைக்குக் கீழே அவர் உதடு வெளுத்திருந்தது. முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார் என்றேன். "சீட்ல புட்ச்சிக்கக் கம்பி இல்ல மேடம், தப்பா நென்ச்சிக்காதீங்க, அப்பத்லேர்ந்து உங்க தோள அமுக்கிகினே கீறேன், தெரியலையா?" தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை, இப்போதுதான் தெரிகிறது, இரண்டு தோளிலும் பத்து விரல், நகம்கூடப் பதிந்திருக்கும். அந்தக் காற்றிலும் சத்தத்திலும் எனக்குத் தோள் என்று ஒன்று இருந்ததே ஞாபகம் இல்லை... யூ டர்ன் எடுத்தேன், நாற்பதுக்கு மேல் போகவில்லை. ஒன்பது வருஷம் நானும் தோளைத்தான் அழுத்தினேன், அழுத்தினால் அவனுக்குப் புரியும் என்றிருந்தேன். விழுந்த அன்றைக்கும் அழுத்தினேன். ஆனால் ஆஸ்பத்திரியில் அவன் அக்காவிடம், அம்மாவிடம், பிறகு ஆபீசில், விசாரித்த எல்லாரிடமும் நான் சொன்னது ஒரே வாக்கியம், 'மெதுவா போன்னு சொன்னேன், கேக்கல.' வெங்கட் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான், ஒரு தடவைகூட மறுத்ததில்லை, நானும் அதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

ஷோரூம் வாசலில் நொண்டி நொண்டி இறங்கி வந்தான். "எப்படி இருக்கு?"

"நல்லா இழுக்குது" என்றேன், என்ஜினை அணைத்தேன், இறங்கிய கோதண்டம் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

"வெங்கட், அன்னைக்கு நான் மெதுவா போன்னு வாயால சொன்னேனா?"

அவன் என் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி, அதன் வாரை இழுத்துச் சரிசெய்தான்.

"இப்ப எதுக்கு அது" என்றான்.

சொன்னாய் என்று அவன் சொல்லவில்லை.