சுண்டு விரலில் தண்ணீர்

கையுறை கம்பெனியில் அவளுக்குப் பெயர் தண்ணியக்கா. ரப்பர் கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதுதான் வேலை. ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் ஊற்றி, கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். ஒரே சமயத்தில் நாற்பது கைகள் விரல் வீங்கித் தலைகீழாகத் தொங்கும். புதிதாக வருகிற பெண்கள் முதல் நாள் அதைப் பார்த்துப் பயப்படுவார்கள், இரண்டாம் நாள் அதற்குக் கை கொடுத்துச் சிரிப்பார்கள். தண்ணியக்கா பத்தொன்பது வருடத்தில் இரண்டையும் செய்ததில்லை. அவளுக்குத் தண்ணீர் பிடிக்காது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. பிடிக்காத வேலையிலேயே ஒருத்தி இத்தனை வருடம் ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதை அவளும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

மணிக்கட்டு வலிக்கிறது என்று பெண்கள் முறையிட்டார்கள். உட்கார நாற்காலி கேட்டார்கள். நிர்வாகம் தியான வகுப்பு கொடுத்தது. சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடம், பெட்டி அடுக்கும் அறையில் பாய் விரித்து.

சொல்லிக்கொடுக்க வந்தவள் சின்னப் பெண். எல்லோரையும் "மேடம்" என்றாள், அதற்கே பாதிப் பேர் மயங்கிவிட்டார்கள்.

"கட்டை விரல் நெருப்பு, ஆள்காட்டி விரல் காத்து, நடு விரல் ஆகாயம், மோதிர விரல் மண்ணு, சுண்டு விரல் தண்ணி. இன்னிக்கு வருண முத்திரை மேடம். சுண்டு விரல் நுனியையும் கட்டை விரல் நுனியையும் லேசா சேருங்க. கண்ணை மூடிக்கிட்டு தண்ணிய நினைங்க."

"நான் காலையில இருந்து அதைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் தண்ணியக்கா. அறையே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் கண்ணை மூடி விரல்களைச் சேர்த்தாள். கட்டை விரலில் ஈரம் பட்டது. வேலை ஈரம் என்று புடவையில் துடைத்துவிட்டு மறுபடி சேர்த்தாள். இந்த முறை சுண்டு விரலைச் சுற்றி இன்னொரு விரல் கொக்கி போட்டது. குட்டி விரல். நகம் கடித்த விரல்.

சட்டென்று கண்ணைத் திறந்தாள். மற்ற எல்லோரும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த விரலை அவளுக்குத் தெரியும். அவளுக்குப் பதினொன்று, தம்பிக்கு ஏழு. அவள் புதுப் பென்சிலை அவன் இரண்டு பக்கமும் சீவி வைத்துவிட்டான். வீட்டுச் சட்டப்படி சுண்டு விரலோடு சுண்டு விரல் மாட்டி, வெடுக்கென்று இழுத்து, "காய்" என்றாள். காய் என்றால் பேச்சு கிடையாது. முதலில் வாய் திறப்பவர் தோற்றவர், ஜெயித்தவருடைய செருப்பை ஒரு வாரம் துடைக்க வேண்டும். திரும்பச் சேர வேண்டுமென்றால் காய் விட்டவரே இரண்டு விரல் நீட்டிப் "பழம்" என்று சொல்ல வேண்டும். அதுவும் அம்மா முன்னால், தன் தப்பை வாய்விட்டுச் சொல்லி.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால், மண் எடுத்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. அவள் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். பின்னாலிருந்து "அக்கா" என்று ஒரு குரல். ஆள் தோற்றுவிட்டான், இன்னொரு தடவை கூப்பிடட்டும், அப்புறம் திரும்பலாம் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள். அவன் இன்னொரு தடவை கூப்பிடவில்லை. பள்ளத்திலிருந்து அவனைத் தூக்கியபோது இருட்டியிருந்தது.

அதற்கப்புறம் முப்பத்து மூன்று வருடம். மழை பெய்தால் அம்மா கேட்பாள்: "ஒரு குரல்கூடவா குடுக்கல அவன்?" "குடுக்கலம்மா" என்பாள் இவள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள், அம்மாவும் ஒவ்வொரு மழைக்கும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டாள்.

மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. போகாவிட்டால் விடுமா? தொங்கும் கையுறைகளில் ஏழாவதில் சுண்டு விரல் மட்டும் மடங்கியிருந்தது. உள்ளே இருக்கிற தண்ணீரின் கனத்துக்கு அது நேராகத்தான் தொங்க வேண்டும். அவள் பார்க்கப் பார்க்க இன்னும் கொஞ்சம் மடங்கியது. கிளிப்பிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டாள். தண்ணீர் அவள் காலடிக்கு ஓடி வந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் அவளுடைய சுண்டு விரலே மடங்கி நின்றுவிட்டது. டம்ளர் பிடிக்க முடியவில்லை. டாக்டர் நரம்பு என்றார். நரம்புக்கு ஏன் விடிய விடிய ஈரம் சொட்டுகிறது என்று அவரிடம் கேட்க முடியுமா? தியான டீச்சரிடம் மட்டும் போய், "இதை எப்படிம்மா நிறுத்துறது?" என்று கையை நீட்டினாள்.

டீச்சர் விரலைத் தொட்டுப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்தாள். "சில்லுனு இருக்கு மேடம். முத்திரையைப் பிரிச்சா போதும். எல்லாம் தானா விட்டுடும்."

"பிரிக்க வரலையே."

இரண்டு விரல் நீட்டி "பழம்" என்று சொல்லிப் பார்த்தாள். காலி அறையில், கழிவறையில், பேருந்து நிறுத்தத்தில். சொல்லச் சொல்லப் பிடி இறுகியது. சின்னவன் சட்டத்தில் கறார். அம்மா முன்னால் சொல்லாத பழம் செல்லாது.

சனிக்கிழமை சாயங்காலம் மழை. அம்மா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். வழக்கம்போலக் கேட்டாள்.

"ஒரு குரல்கூடவா குடுக்கல?"

தண்ணியக்கா தரையில் உட்கார்ந்தாள். பதினொரு வயதில் உட்கார்ந்த மாதிரியே, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

"குடுத்தாம்மா. அக்கான்னு கூப்பிட்டான். நாங்க காய். தோத்துட்டான்னு நினைச்சேன். திரும்பல." இரண்டு விரலை நீட்டினாள். "தப்பு என்னோடதுதான். பழம்டா."

பிடி விட்டது. ஈரத் துணியைப் பிழிந்து உதறின மாதிரி விரல் நேரானது. முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள்.

அம்மா மடித்துக்கொண்டிருந்த துண்டை மடியிலேயே வைத்துவிட்டாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நானும் கேட்டேன்டி."

"எதை?"

"அந்தக் குரலை. சமையக்கட்டு ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. உன்னைத்தானே கூப்பிட்டான், நீ பக்கத்துலயே இருக்க, போவேன்னு இருந்துட்டேன். அம்மான்னு கூப்பிட்டிருந்தா ஓடியிருப்பேன்."

மழை விடாமல் பெய்தது. அம்மா துண்டின் ஓரத்தைத் திருகினாள்.

"கூப்பிடலன்னு நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி. பிரமையா இருக்கும், கேட்டது நிஜமில்லன்னு படுத்துடுவேன். அதுக்குத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். இனிமே யாரைப் போய்க் கேப்பேன்?"

தான் இறக்கி வைத்த பாரம் எங்கே போய் உட்கார்ந்தது என்று அப்போதுதான் தண்ணியக்காவுக்கு உறைத்தது. எழுந்து போய் அம்மாவின் தோளைத் தொட்டாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் காபி எடுத்துக்கொண்டு போனபோது அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மழை நின்று வெயில் வந்துவிட்டது. கூரையில் ஒழுகல் இல்லை. ஆனாலும் படுக்கை விரிப்பு ஒரு பக்கம் நனைந்து கிடந்தது. அம்மாவின் வலது கைச் சுண்டு விரல் கொக்கி மாதிரி மடங்கியிருந்தது, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்தது.

காபியைக் கீழே வைத்தாள். "அம்மா! பழம் விடும்மா. என் முன்னாடி சொல்லு, போதும். தப்பைச் சொன்னா விட்டுடுவான், எனக்கு விட்டுட்டான்."

"தப்பை நேத்தே சொல்லிட்டேனே."

"அப்போ ரெண்டு விரலை நீட்டு. அவ்வளவுதான். நீட்டும்மா."

அம்மா மடங்கிய விரலை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். முகத்தில் இத்தனை வருடமாக இல்லாத ஒரு களை. பிள்ளையைத் தூங்கவைக்கிறவள் மாதிரி மெதுவாகத்தான் பேசினாள்.

"இத்தனை வருஷம் கழிச்சு வந்து கையப் பிடிச்சிருக்கான். நானாடி விடுவேன்?"

தண்ணியக்கா துண்டை எடுத்து வந்து அந்தக் கையைத் துடைக்கப் போனாள். அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.