ஒரு தூசும் ஏறவில்லை

கல்லடிப் பாலத்தில் ஏறும்போதே எங்கள் கெப் வண்டி திணறத் தொடங்கிவிட்டது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் எங்கள் கறுப்புப் புகைக்குள் மறைந்து, இருமிக்கொண்டே வெளியே வந்து, ஏதோ சொல்லிவிட்டு முந்திப் போனார். நிச்சயமாக வாழ்த்தியிருக்க மாட்டார்.

"நேத்தும் புகைச்சதுதான். ஆனா இவ்வளவு மோசமில்ல," என்றார் வண்டி ஓட்டிய என் மூத்த சகோதரர் அம்ஜத் நானா.

"நேத்தே பார்த்திருக்கலாமே."

"வெட்டுக் காலத்தில எனக்கு எங்க கா நேரம்?"

அதுவும் உண்மைதான். அறுவடை தொடங்கினால் நானா வயல் வட்டைக்கும் நெல் ஆலைக்கும் இடையில் மூட்டை ஏற்றி அலைவார். நேரம் கிடைக்கிற பின்னேரங்களில் வீட்டுக்கு வந்து பொனட்டைத் திறந்து, காற்று பில்டரில் ஏறிய உமியை ஊதி ஊதித் தட்டுவார். 'தூசு, தூசு' என்று அவர் போடும் சத்தம் காத்தான்குடி முழுக்கக் கேட்கும்.

ஆனால் இன்றைக்கு எனக்கு நெல்லும் முக்கியமில்லை, நானாவும் முக்கியமில்லை. ஒன்பது மணிக்கு வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் எனக்குப் பரீட்சை. போன முறை இதே பாடத்தில், பாதி எழுதும்போது மூச்சிழுப்பு வந்து எழும்பிப் போனவள் நான். இந்த முறையும் விட்டால் இன்னும் ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டும். வருகிறவர் போகிறவரெல்லாம் 'இன்னும் முடியல்லையா மகள்?' என்று கேட்க, நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேநீர் கொடுக்க வேண்டும். என்னால் முடியாது.

டவுனைத் தாண்டியதும் நிலைமை இன்னும் மோசமானது. நானா எவ்வளவு மிதித்தும் கெப் நகர்ந்தது என்று சொல்ல முடியவில்லை. புகை மட்டும் தாராளமாக வந்தது. அவர் முதலில் டீசலைத் திட்டினார், பிறகு இன்ஜெக்டரை, கடைசியில் அவசரப்படுத்தியதற்காக என்னை. தன்னாமுனை தாண்டி ஓரமாக நிறுத்தி, "காத்துத் தள்ளுற டர்போ போயிட்டு. முடிஞ்சிது," என்றார்.

பஸ்கள் வாசல்வரை ஆட்களை அடைத்துக்கொண்டு நிற்காமல் போயின. நின்றாலும் அந்த நெரிசலில் எனக்கு இழுப்பு வருவது உறுதி. உம்மா தந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். மூடிக்கு மேலே வாப்பாவின் பழைய நீலக்கட்டம் போட்ட சாரனில் கிழித்த ஒரு துண்டு, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்க்கப் பொறுமை இல்லாமல் திரும்ப வைத்துவிட்டேன்.

"கிளென் பாஸுக்கு எடுங்க நானா."

கிளென் பாஸுக்கு டவுனில் கராஜ். உலகம் அழிந்தாலும் தேநீரை முடித்துவிட்டுத்தான் எழும்பும் பறங்கி மனிதர். தொலைபேசியில் அவர் உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கறுப்புப் புகை எண்டா டீசல் போகுது, காத்துப் போகல்ல. சும்மா டர்போவிலே பழி போடாத. ஒராள் ரேஸ் பண்ணுங்க, ஒராள் பைப்பைப் பிடிச்சுப் பாருங்க. டர்போவுக்குப் பிறகு இருக்கிற பைப் வெடிச்சிருந்தா 'உஸ்' எண்டு காத்து வெளிய வரும். அதுக்கு முன்னுக்கு இருக்கிற பைப் உள்ளுக்குச் சப்பினா, காத்து எடுக்கிற வாய் எங்கயோ அடைச்சிருக்கு."

நானா ரேஸ் பண்ணினார். பரீட்சைக்கென்று உடுத்த வெள்ளைச் சட்டையோடு நான் இஞ்சினுக்குள் குனிந்தேன். பின்னால் உள்ள பைப்பில் 'உஸ்' இல்லை. முன்னால் உள்ளதைப் பிடித்தேன். இஞ்சின் இரைய இரைய, அது என் உள்ளங்கைக்குக் கீழே ஒட்டி உள்ளே போனது. எனக்கு இது தெரியும். இழுப்பு வரும்போது என் கழுத்துக்குழி இப்படித்தான் உள்ளே போகும்.

"நானா, இதுக்கு இழுப்பு," என்றேன்.

"பகிடி விடுற நேரமா கா இது?"

பில்டரைக் கழற்றிப் பார்த்தோம். அறுவடைக் காலத்தில் ஓர் உமிகூட இல்லாமல் பளிச்சென்று இருந்தது. அதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. பில்டர் பெட்டிக்குக் காற்றெடுக்கும் குழாயை முன் விளக்குப் பக்கமாகத் தடவிக்கொண்டே போனேன். அதன் வாயில் கைக்கு ஈரத்துணி தட்டுப்பட்டது. இரண்டாக மடித்து, நூலால் சுற்றி, இறுக்கிக் கட்டிய துணி. மேலே படிந்த வயல்தூசு விடியத் தூறிய மழையில் ஊறி, சேறு பூசியது போல அப்பிக் கிடந்தது. ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். நீலக்கட்டம்.

"வேடு," என்றேன்.

எங்கள் வீட்டில் வாய் திறந்த எந்தப் பாத்திரமும் வேடு கட்டாமல் இருக்க முடியாது. பால் முட்டி, அச்சாறுப் போத்தல், அரிசி வாளி, எல்லாவற்றின் வாயிலும் உம்மா துணி கட்டுவா. சின்ன வயதில் எனக்கு இழுப்பு வந்ததிலிருந்து தூசு அவவின் ஜென்மப் பகை. முந்தநாள் நானா பொனட்டைத் திறந்துவைத்துவிட்டு மஃரிப் தொழுகைக்குப் போன நேரத்தில் கட்டியிருக்கிறா.

நானா நூலைக் கத்தியால் அறுத்து, துணியைத் தூக்கி டாஷ்போர்டில் எறிந்தார். கெப் சீறிக்கொண்டு கிளம்பியது. பின்னால் பார்த்தேன், புகையே இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நானாவுக்குக் கோபம் மட்டும்தான் வந்தது.

"உலகத்தில கெப்புக்கு வேடு கட்டின ஒரே உம்மா! இன்னும் ரெண்டு நாள் ஓடியிருந்தா என்ன நடந்திருக்கும்? கேட்கிறன் இண்டைக்கு. நல்லாக் கேட்கிறன்."

ஏறாவூர், செங்கலடி என்று வழி நெடுகக் கேட்கப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். வளாக வாசலில் நிறுத்தியபோது ஒன்பதாக இன்னும் கொஞ்சம் இருந்தது. நான் கதவைத் திறக்கவும் அவருடைய தொலைபேசி அடித்தது. உம்மா. நானா ஸ்பீக்கரில் போட்டு, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

"மகன், தங்கச்சிக்கு இழுப்பு ஒண்டும் வரல்லையே? நீ தூசு தூசு எண்டு கத்தினதால அந்தக் குழாய் வாயில ரெண்டு மடிப்பாத் துணி கட்டினன். பிள்ளை சோதினைக்குப் போற வண்டிதானே. தூசு கீசு ஏறிச்சா?"

நானா டாஷ்போர்டில் கிடந்த சேற்றுத் துணியைப் பார்த்தார், பிறகு கரி படிந்த என் கைகளைப் பார்த்தார்.

"இல்ல உம்மா," என்றார். "ஒரு தூசும் ஏறல்ல."