சைகோன் ரவிக்கை

பலராமன் பிழைப்புக்காகச் சைகோனுக்குக் கப்பலேறி ஆறு வருடம் ஆகியிருந்தது. அவன் என் கொழுந்தன். அவன் பெண்டாட்டி விருத்தாம்பாளும் நானும் ஒரே வீட்டில் ஒரே உலையில் சோறு பொங்கினோம். அவள் பெருமூச்சு விட்டால் எனக்குத்தான் முதலில் கேட்கும்.

நடுவில் ஊருக்கு வந்த ஓர் ஆளிடம் அவளுக்கு ஒரு ரவிக்கை கொடுத்தனுப்பினான். நீலப் பட்டு, கையில் பூவேலை. பண்டசோழநல்லூரில் குடியானவர் வீட்டுப் பெண்கள் அப்போது ரவிக்கை போடுவதில்லை. போட்டால் ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி.

"எம் மருமவ கூத்துக்காரி இல்ல" என்று மாமியார் ராமாயி அதைப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

வீட்டில் ஆளில்லாத நேரத்தில் விருத்தாம்பாள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு சும்மா நிற்பாள். ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டேன். கேலி செய்யத்தான் வாயெடுத்தேன், பிறகு சத்தம் காட்டாமல் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

கப்பல் வந்துவிட்டது, வேண்டுதல்படி வில்லியனூர்த் தேருக்கு வடம் பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான் என்று சேதி வந்தது. தேரன்று காலையில் அவள் ரவிக்கையோடு வந்து வண்டியேறினாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவரு பாக்கறதுக்குத்தான அனுப்பனாரு, அத்தே" என்றாள் விருத்தாம்பாள்.

தேரடியில் பலராமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தான். கறுத்து இளைத்திருந்தான்.

"நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்றவன், என் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, யாரோ பட்டணத்துப் பெண் என்று மரியாதையாக விலகி நின்றான். "விருத்தா வர்லியா?"

அவள்தான் பேசினாள்.

"நாந்தாங்க."

திடுக்கிட்டுப் பார்த்தான், தான் அனுப்பிய ரவிக்கையை அப்போதுதான் அடையாளம் கண்டான். சிரிப்பு வந்தது, ஆனால் கண் இன்னும் எதையோ தேடியது.

"அங்க கண்ண மூடனா, நாத்தங்கால்ல வெறுந்தோளோட நீ நிக்கறதுதான் தெரியும். நீ அப்படியே இருப்பேன்னு வந்துட்டேன்" என்றான்.

அவன் குறையாகச் சொல்லவில்லை, ஏங்கிப்போய்ச் சொன்னான். ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனைத் திரும்பவும் கப்பலேற்றியிருப்பேன்.

விருத்தாம்பாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளப் போனாள். பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

"நாத்தங்கால்ல நின்னவளயே தேடிக்கினு இருக்காதீங்க" என்றாள். "இவளும் உங்களுக்காகத்தான் இத்தினி வருசமா காத்துக்கினு இருந்தா."