சும்மாவுறுப்பு

கணிதப் பாடநூலுக்குக் கலைச்சொல் அமைக்கும் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சொல்லை ஆக்கியவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் யாராவது ஒருவர்மேல் போட்டுப் பார்க்க வேண்டும். வீட்டார் விளக்கம் கேட்காமல் சிரித்துவிட்டால் சொல் தேறியது. கேட்கக் கிறுக்குத்தனம்தான். ஆனால் வாயில் நுழையாத எத்தனையோ சொற்களை இதுதான் வாசலிலேயே மடக்கியது.

ஒரு கணத்திலிருந்து, அதாவது 'செட்'டிலிருந்து, எடுத்துவிட்டாலும் விடை மாறாத உறுப்புக்கு என்ன பெயர்? 'மிகையுறுப்பு' என்று மற்றவர்கள் இழுத்தார்கள். குழுவில் ஒருத்தியான அவள் 'சும்மாவுறுப்பு' என்றாள். குழுத்தலைவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததுமே கேட்டாள்: "அம்மா, நம்ம வீட்டுச் சும்மாவுறுப்பு எழுந்தாச்சா?"

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வேலை வெட்டி இல்லாமல் சோபாவில் போனும் கையுமாகக் கிடந்த தம்பியும் சிரித்தான். "பேரு பிரமாதம்க்கா."

மறுநாள் காலையில் அம்மா இரண்டு தம்ளரில்தான் டீ ஊற்றினாள்.

"தம்பிக்கு?"

"எந்தத் தம்பிக்கு?"

அம்மா முகத்தில் விளையாட்டே இல்லை. தம்பியோ கொட்டாவி விட்டபடி பக்கத்திலேயே நின்றான். "விடுக்கா. கணக்கு இடிக்கலையே," என்றான். குரல் எங்கோ அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல் கேட்டது.

அலுவலகத்துக்கு ஓடினாள். "சார், அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கறேன்."

"அச்சுக்குப் போயாச்சே மேடம். சொல்லுல குறையா?"

"சொல்லுல இல்ல, ஆளுலதான். என் தம்பிமேல போட்டிருக்கக் கூடாது."

தலைவர் துளியும் ஆச்சரியப்படவில்லை. இப்படி எத்தனை பேர் வந்து நின்றார்களோ. "அவர் இல்லாம என்ன மாறும்? அதைச் சொல்லுங்க."

யோசித்தாள். சம்பாதிப்பதில்லை, கடைக்குப் போவதில்லை, ஒரு பல்பு மாட்டக்கூட அவனுக்கு உடம்பு வணங்காது. கடைசியில் அழுகையோடு வந்தது: "அவன் இல்லன்னா நான் யாருக்கும் அக்கா இல்ல சார்."

"செல்லும்," என்று தலையாட்டினார். "ஆனா அந்தச் சொல் ஆள் இல்லாம வெறுமனே நிக்காது. வேற யார்மேல போடட்டும்?"

அம்மாவின் முகம் கண்ணில் வந்து போனது.

"என்மேலயே போட்டுக்கோங்க."

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் அம்மா, "விடிஞ்சும் எழுந்திருக்க மாட்டியாடா, டீ ஆறுது!" என்று திட்டுவது கேட்டது. உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

"ஹலோ," என்றான் தம்பி. "யாருங்க?"

"ராங் நம்பர் தம்பி," என்றாள்.